செக்ரோல் இலக்கம் 317

விஜேந்திரனுக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்தாலே காது சிவந்துவிடும். பள்ளிக்கூடக் காலத்தில் நாங்கள் எத்தனையோ தடவை மாட்டிக்கொண்டது அந்தக் காதால்தான். இதை அவன் என்னிடம் சொன்னபோது நான் அவன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை அது சிவக்கவில்லை. நம்ப விருப்பமில்லாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நடந்தது 2009 நவம்பர் 19, வியாழக்கிழமை இரவு. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே இரண்டு மைல் ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

விஜேந்திரன் அந்தத் தோட்ட ஒபீசில் கம்பியூட்டர் கிளாக்கர். வேலைக்கு வந்து இரண்டு வருடம். வேலை என்னவென்றால் செக்ரோல் அடிப்பது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஒருவர் ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் பதிவில் அவருக்கு 'ஒரு பேர்' விழும். பேர் விழுந்தால் சம்பளம். செக்ரோலில் ஆளையே வெட்டிவிட்டால் சம்பளமும் இல்லை, இருக்கிற வீடும் இல்லை. ஏழு நாளில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

இந்தச் சட்டம் கிளாக்கருக்கும் உண்டு. மூடிக்கிடந்த பெக்டரிக்குப் பின்னால், பல வருடம் பூட்டியிருந்த இரண்டு அறை வீடு ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். கூரைத் தகரத்தை மாற்றி, சுண்ணாம்பு அடித்து, அவனே மனுஷர் இருக்கிற மாதிரி ஆக்கினான். மனைவி பூரணிக்கு அப்போது எட்டு மாதம். வேலை போனால் அந்த வயிற்றோடு அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அவன் எதைச் செய்தாலும் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். நினைத்தானா, மடையன்?

ஹட்டனில் கம்பியூட்டர் வகுப்பில் அவனோடு படித்தவன் கிருஷாந்தன். யாழ்ப்பாணத்துப் பையன், பிறகு கனடா போய்விட்டான். அவன் ஒரு நாள் ஈமெயிலில் ஒரு புரோகிராம் அனுப்பினான். பிட்கொயின் என்று ஒரு புதுச் சல்லியாம். அச்சடிக்கிற அரசாங்கம் இல்லை, வங்கி இல்லை. உலகமெல்லாம் உள்ள கம்பியூட்டர்கள் சேர்ந்து ஒரே கணக்குப் புத்தகத்தை எழுதுகின்றன. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தை மூட வேண்டுமென்றால் ஒரு இலக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. இதுவா, இல்லை, இதுவா, இல்லை என்று கோடிக்கணக்கில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எந்தக் கம்பியூட்டர் முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு ஐம்பது காசு புதிதாகப் பிறக்கும்.

பகலில் ஒபீஸ் கம்பியூட்டரில் செக்ரோல் வேலை. இரவில் அது சும்மா கிடக்கிறது. கரன்டும், இன்டர்நெட் வருகிற டெலிபோன் லைனும் தோட்டத்துடையது. ஐந்து மணிக்குப் போகும்போது ஓடவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப் போகிறது?

ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பூரணியிடம் இதைச் சொல்லியிருக்கிறான்.

"அந்தச் சல்லிக்குக் கடையில ஒரு றாத்தல் பாணு குடுப்பாங்களா?"

"இப்ப குடுக்க மாட்டாங்க."

"தீப்பெட்டி?"

"இல்ல. ஒரு டொலருக்கு ஆயிரத்து முந்நூறு காசுன்னு எவனோ வெல போட்டிருக்கானாம்."

"நல்ல சல்லிதான் போங்க!"

"நூறு ரூவா நோட்டும் கடுதாசிதானே புள்ள. எல்லாரும் வாங்கிக்கிறதாலதான் அது சல்லி."

பூரணி கல்யாணத்துக்கு முன்னால் மலையில் கொழுந்து பறித்தவள். விடுவாளா? "அந்த நோட்டுக்கு நான் இருவது கிலோ பறிச்சுக் குடுத்தேன். உங்க மெஷினு என்னாத்தப் பறிக்குது?"

"ராத்திரி பூரா முழிச்சிருக்குல்ல. முன்னாடி பெக்டரி வோச்சர் மணிக்கொருக்கா தண்டவாளத் துண்டத் தட்டுவானாம்ல, முழிச்சுத்தான் இருக்கேன்னு காட்ட. அது மாதிரிதான். முழிச்சிருந்தாத்தான் தட்ட முடியும். ஏமாத்த முடியாது."

"மனுஷன் முழிச்சிருந்தா கூலி குடுக்கலாம். மெஷினு முழிச்சிருந்தா யாருக்கு என்னாங்க?"

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

நவம்பர் 4ஆம் திகதி இரவு முதல் முறை ஓடவிட்டான். நாலு இரவு ஓடியது. ஒரு காசும் இல்லை.

8ஆம் திகதி ஞாயிறு. ஒபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போயிருந்தான். பெரிய கிளாக்கர் கண்ணில் படாமல் புரோகிராமை ஒளித்துவைக்க வேண்டும். செக்ரோலில் பழைய ஆட்களின் பட்டியல் ஒன்று உண்டு. வேலையை விட்டுப் போனவர்கள், பேர் வெட்டப்பட்டவர்கள். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதில் ஓர் இலக்கத்தைத் தேர்ந்து, அந்த ஆளின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் திறந்து, புரோகிராமை அதற்குள் போட்டான். இலக்கம் 317. அழகுமுத்து.

போட்டவனுக்குக் கொழுப்பு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரே, அதே மாதிரி வெறும் ஒபீசில் நின்று சத்தமாகக் கூப்பிட்டான்.

"முந்நூத்திப் பதினேழு! அழகுமுத்து! இன்னையிலருந்து ராத்திரி வேல உனக்குத்தான். ஒழுங்கா செஞ்சா பேர் போடுவேன்!"

யாரும் பதில் சொல்லவில்லை. சிரித்துவிட்டுக் கதவைப் பூட்டினான்.

மறுநாள் காலை திரையில் நானூறு காசு இருந்தது. ஒரே இரவில் எட்டுத் தடவை கிடைத்திருக்கிறது! துள்ளிக் குதித்திருக்கிறான். பிறகுதான் நேரத்தைப் பார்த்தான். இரவு 10.00. 11.00. 12.00. 1.00... காலை 5.00 வரை. மணிக்கு ஒன்று. ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

அடுத்த இரவும் அப்படியே. அதற்கடுத்த இரவும்.

கிருஷாந்தனுக்கு எழுதிக் கேட்டான். பதில் ஒரே வரிதான். "சும்மா கதை விடாதை மச்சான். அது குருட்டுச் சீட்டு மாதிரி, எப்ப விழும் எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது, மணிக்கு மணி விழவே விழாது."

வேறு சில விஷயங்களும் இருந்தன. காலையில் அவனுடைய நாற்காலி ஈரமாக இருக்கும். கூரை ஒழுகவில்லை. அறையில் நனைந்த கம்பளி வாடை அடிக்கும். அது மழைக்கு ஆட்கள் தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. அந்த அறைக்குள் கம்பளியோடு யாரும் வருவதே இல்லை. நான்காவது நாள் கீபோர்டில் ஒரு தேயிலைச் சருகு கிடந்தது. ஊதிவிட்டு வேலையைப் பார்த்தான். காசு ஏறுகிறதே, வேறென்ன வேண்டும்!

18ஆம் திகதி புதன்கிழமை காலை, பெரிய கிளாக்கர் ஜெயரத்தினம் கம்பியூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்து மனுஷர். இருபது வருடமாக அதே ஒபீஸ்.

"இது ஏன் ஐசே காலமை சுடுது?"

"தெரியல சேர்."

காது சிவந்திருக்கும். அவர் அதைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை கொழும்பிலையிருந்து ஆள் வருது, மெஷினைச் சோதிக்க. தோட்டத்து வேலை தவிர வேறை ஏதும் உள்ளுக்குக் கிடந்தா, என்னாலை உம்மைக் காப்பாத்தேலாது. வீட்டிலை பிள்ளைத்தாச்சி இருக்கு. யோசிச்சு நடவும்."

அன்றைக்கும் மறுநாள் வியாழக்கிழமையும் முழுக்க ஜெயரத்தினம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புரோகிராமை அழிக்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. வியாழன் பின்நேரம் நாலு மணிக்குக் காற்றும் மழையும். சவுக்கு மரம் ஒன்று முறிந்து டெலிபோன் கம்பியோடு விழுந்தது. ஐந்து மணிக்கு விஜேந்திரன் தன் கையாலேயே கம்பியூட்டரை நிறுத்தினான். இதை அவன் மூன்று தடவை என்னிடம் சொன்னான். தன் கையாலேயே நிறுத்தினான்.

இரவு 12.40. பூரணி தூங்கிக்கொண்டிருந்தாள். டோர்ச்சை எடுத்துக்கொண்டு மெல்லக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினான். பெக்டரியைச் சுற்றிப் போனால் ஒபீஸ் ஐந்து நிமிடம். மழை தூறிக்கொண்டிருந்தது.

12.46. ஒபீஸ் ஜன்னலில் வெளிச்சம்.

நீல வெளிச்சம். கம்பியூட்டர் திரையின் வெளிச்சம்.

ஜெயரத்தினமாக இருக்குமோ என்று முதலில் பயந்தான். கதவைத் தொட்டுப் பார்த்தான். வெளியே பூட்டுப் போட்டிருந்தது. அவன் போட்ட பூட்டு. சாவி அவன் இடுப்பில்.

திறந்தான். கம்பளி வாடை குப்பென்று அடித்தது. அறையில் யாரும் இல்லை. திரையில் அந்தப் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் அடியில் ஒரு வரி உண்டு. எத்தனை கம்பியூட்டர்களோடு தொடர்பு இருக்கிறது என்று காட்டும். வழக்கமாக எட்டு, ஒன்பது. அன்றைக்கு ஒன்று.

டெலிபோனைத் தூக்கிக் காதில் வைத்தான். செத்துக் கிடந்தது.

லைன் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்தான். ஈரம் அவன் கட்டியிருந்த சாரத்தில் ஏறியது. பொருட்படுத்தவில்லை. அழித்துவிட்டு ஓடிவிட வேண்டும். புரோகிராமை மூடினான். மூடியது... மறுபடி திறந்தது. மூடினான். திறந்தது.

1.00.

ணங்...

பெக்டரிப் பக்கமிருந்து. இரும்பில் இரும்பு மோதிய சத்தம். ஒரே ஒரு தடவை. திரையில் ஐம்பது காசு விழுந்தது.

அந்தத் தண்டவாளத் துண்டு அங்கே இல்லை. பெக்டரியை மூடிய வருடமே பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டது. கொக்கி மட்டும்தான் தொங்குகிறது. அவன் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்கு வருவான்.

1.07. கரன்ட் போனது. வெளியே இருந்த ஒரே பல்பும் அணைந்தது. மேசைக்கு அடியில் யூபிஎஸ் பெட்டி கத்தத் தொடங்கியது. பீப்... பீப்... அது ஏழு நிமிடம் தாங்கும். அதற்குமேல் தாங்காது. சரி, ஏழு நிமிடத்தில் தானாகவே அணையட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

1.14. பீப் நின்றது.

திரை அணையவில்லை.

1.20. அணையவில்லை.

பிளக்கைப் பிடுங்கினான். கையில் வயர். எதிரே வெளிச்சம்.

எழுந்து ஓடப் பார்த்தான். கால் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றான்.

1.31. புரோகிராம் தானாக மூடியது. செக்ரோல் திறந்தது. பட்டியல் ஓடியது... ஓடியது... நின்றது.

317. அழகுமுத்து.

நவம்பர் மாதம். எல்லாக் கட்டமும் வெறுமை. எட்டாம் திகதிக் கட்டத்தில் ஒரு கோடு மின்னி மின்னி அணைந்தது.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

சளி கட்டிய மூச்சு. ஒரு இருமல். கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பனி மாதிரிக் குளிர்ந்தது.

"பேரு போடுங்கய்யா..."

விஜேந்திரன் திரும்பவில்லை.

"வேல செஞ்சேன்யா... பேரு போடுங்க..."

கை தானாகப் போனது. எட்டாம் திகதிக்கு ஒன்று என்று அடித்தான்.

கோடு ஒன்பதுக்குப் போனது.

ஒன்று.

பத்து. ஒன்று.

பின்னால் மூச்சு.

பதினொன்று... பன்னிரண்டு...

ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு.

பதினெட்டாம் திகதி. ஒன்று.

கோடு நின்றது.

மூச்சும் நின்றது.

1.58. திரை அணைந்தது.

இருட்டு.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஈரக் காலடி. வெளியே போனது.

அதற்குப் பிறகு அவன் அசையவே இல்லை. வெட்கப்படாமல் சொல்கிறேன், அவனே சொன்னான், சாரத்திலேயே சிறுநீர் போய்விட்டது. பெரட்டுக்கு ஆட்கள் வருகிற பேச்சுச் சத்தம் கேட்ட பிறகுதான் காலில் உயிர் வந்தது. வீட்டுக்குள் நுழையும்போது மணி 5.40. பூரணி நல்ல தூக்கம். எழுப்பவில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு மூலையில் குந்தியிருந்தான்.

எட்டு மணிக்கு ஒபீஸ் போனான். போக வேண்டியதுதானே, வேறு வழி? ஜெயரத்தினம் முன்னதாகவே வந்து கம்பியூட்டரைப் போட்டிருந்தார். புரோகிராம் இல்லை. ஃபோல்டர் இல்லை. சேர்ந்த காசு அத்தனையும் இல்லை. அன்றைக்கு அதற்கு ஒரு தீப்பெட்டி வராது. பின்னாளில் அது என்ன பெறும் என்று கணக்குப் போட விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், விஜேந்திரன் போடுவதில்லை.

செக்ரோலில் மட்டும் அந்த வரி இருந்தது. பதினொரு கட்டத்திலும் ஒன்று.

ஜெயரத்தினத்தின் முகம் வெளுத்திருந்தது. "ஆர் உமக்கு இதைச் சொன்னது?"

"எத சேர்?"

"அழகுமுத்தற்றை பதினொரு பேரை."

விஜேந்திரன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மறைத்துத்தான் என்ன ஆகப் போகிறது? வேலை போனது போனதுதான் என்று நினைத்தான். அவர் கோபிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. அவன் பெக்டரி இராக்காவல். காலமை நாங்கள் வர முதல் போயிடுவான். ஆளைப் பாத்துப் பேர் போடுறேல்லை. இராவிலை மணிக்கு மணி இரும்புச் சத்தம் கேட்டாச் சரி, பேர் போட்டிடுவம். கடைசியா அப்பிடிப் பதினொரு பேர் போட்டம், பன்ரண்டாம் நாள் கீழ் ஓடையிலை சவம் கிடந்தது. மழைக்குள்ளை சறுக்கி விழுந்திருக்கிறான்."

"எப்ப சேர்?"

"டொக்டர் சொன்னார், செத்துப் பதினொரு நாளுக்கு மேலை எண்டு."

விஜேந்திரன் விரலை விட்டு எண்ணிப் பார்த்தான்.

"அந்தப் பதினொரு இரவும் மணி கேட்டது, தம்பி. தோட்டம் முழுக்கக் கேட்டது. நானும் கேட்டனான். கேட்டுத்தான் பேர் போட்டனான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெண்சாதி காளியாயிக்கு ஆள் வீட்டுக்கு வராதது தெரியும். சொன்னாப் பேரை வெட்டிப் போடுவம் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள். மணி கேக்குதுதானே, எங்கையோ கோவிச்சுக்கொண்டு நிக்கிறான் எண்டு நினைச்சிருப்பாள். செத்தவனுக்கு எப்பிடிப் பேர் போடுறது? மேலிடத்தாலை கேட்டாங்கள். பதினொரு பேரையும் நான்தான் வெட்டினன். இந்தக் கையாலை. ஏழாம் நாள் அவளையும் வீட்டாலை எழுப்பியாச்சு. அவளுக்கும் அப்ப வயித்திலை பிள்ளை."

பத்து மணிக்குக் கொழும்பு ஆள் வந்தான். மெஷினைப் பார்த்தான். குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தான். அந்தப் பதினொரு பேரை அவன் கவனிக்கவில்லை. ஜெயரத்தினமும் வெட்டவில்லை. விஜேந்திரனின் வேலை தப்பியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வரும்போதுதான் அவன் அதைக் கேட்டான்.

"அவங்க எந்த வீட்ல இருந்தாங்க சேர்?"

ஜெயரத்தினம் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீர் இருக்கிற வீடுதான்."

பெக்டரியைச் சுற்றி ஓடினான். மூச்சு வாங்க வாங்க ஓடினான். பூரணி அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. நல்ல சந்தோசமாகக்கூட இருந்தாள்.

"புள்ள... வேல போகல. தப்பிச்சுட்டோம்."

"அதான் ராத்திரியே சொல்லிட்டீங்களே."

"நானா?"

"வெளையாடாதீங்க. ரெண்டு மணிக்கு வந்து தலமாட்டுல நின்னு சொன்னீங்கள்ல. 'பேரு போட்டாச்சு தாயி, இனி இந்த வீட்ட விட்டு யாரும் ஒன்னய எறங்கச் சொல்ல மாட்டாங்க'ன்னு. அழுதுக்கிட்டே வயித்துல கையக்கூட வெச்சீங்க. கையெல்லாம் அம்புட்டு ஈரம்..."